திங்களா, சனியா, ஞாயிறா? பென்சில்வேனியா மான் வேட்டையில் ஒரு லீவு நாள் சண்டை

முதலில் ஒரு சின்ன கணக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கிடங்கில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு உள்ளே போனால் மாலை 5 மணிக்குத்தான் வெளியே. அவரிடம் வேட்டை லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. 2018-ல் அந்த மாநிலத்தின் ரைஃபிள் மான் வேட்டை சீசன் நவம்பர் 26-ல் தொடங்கி டிசம்பர் 8-ல் முடிந்தது. கிட்டத்தட்ட இரண்டு வாரம். லீவு போடாமல் அவர் காட்டுக்குப் போக முடிந்த நாட்கள் எத்தனை தெரியுமா?

இரண்டே இரண்டு. சீசனுக்குள் வந்த இரண்டு சனிக்கிழமைகள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சட்டப்படி தடை. வேலை முடிந்து சாயங்காலம் போகலாமே என்றால் அதுவும் ஆகாது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு மானைச் சுடக்கூடாது என்பது விதி. டிசம்பர் மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். அவர் கிடங்கை விட்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்புவதற்குள் அன்றைய வேட்டை நேரமே முடிந்துபோயிருக்கும். அந்த இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றில் மழை கொட்டினால், அல்லது வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், மிச்சம் ஒரே ஒரு நாள்.

அதே மனிதருக்கு 2025 சீசனில் கிடைத்தவை ஐந்து நாட்கள். சம்பளம் கூடவில்லை, ஷிஃப்ட் மாறவில்லை. மாறியது காலண்டர் மட்டும்தான். ஆனால் அந்தக் காலண்டரை மாற்றுவதற்குள் பென்சில்வேனியாவில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. வேட்டைக்காரர்களுக்கும் வேட்டையை எதிர்ப்பவர்களுக்கும் நடந்த சண்டை என்று நினைத்தால் அது பாதிதான் சரி. பெரும்பகுதி, வேட்டைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டது.

அங்கே வேட்டை என்றால் என்ன?

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே போலீஸ், வழக்கு, ஜெயில் ஆகியவற்றோடுதான் காதில் விழும். அமெரிக்காவில் கதை வேறு. எந்த விலங்கை, எந்தத் தேதியில், எந்த ஆயுதத்தால், எத்தனை வேட்டையாடலாம் என்பதை ஒவ்வொரு மாநில அரசும் ஆண்டுதோறும் அட்டவணை போட்டு அறிவிக்கிறது. அந்த இடைவெளிக்குத்தான் 'சீசன்' என்று பெயர். லைசென்ஸ் எடுத்தவர்கள் அந்தத் தேதிகளுக்குள் மட்டும் வேட்டையாடலாம். ஒரு நாள் முந்தினாலும் ஒரு நாள் பிந்தினாலும் குற்றம்.

பென்சில்வேனியாவில் இந்த அட்டவணையைப் போடுவது 'கேம் கமிஷன்' என்கிற வேட்டை விலங்குகள் ஆணையம். 1895-ல் தொடங்கப்பட்டது. அது தொடங்கப்பட்ட காலத்தில் மாநிலத்தின் வெள்ளை வால் மான்கள் கிட்டத்தட்ட துடைத்தெறியப்பட்டிருந்தன. கட்டுப்பாடில்லாமல் சுட்டதும், காடுகளை மொட்டையடித்ததும்தான் காரணம். 1906 முதல் வெளிமாநிலங்களிலிருந்து மான்களை வரவழைத்து காட்டில் விட்டார்கள். 1907-ல் பெண் மானைச் சுடத் தடை வந்தது. மான் கூட்டம் பெருகியது, பெருகிக்கொண்டே போனது. ஓநாயும் மலைச்சிங்கமும் முன்பே அழிந்துவிட்டதால் மானைக் கட்டுப்படுத்த மிஞ்சியிருப்பவை வேட்டைக்காரர்களும் கார்களும்தான். மான் மீது கார் மோதி இன்சூரன்ஸ் கேட்பவர்களின் எண்ணிக்கையில், ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்தின் வருடாந்திரப் பட்டியலில், பென்சில்வேனியா பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்கிறது.

இப்போது சமீப ஆண்டுகளில் ஒரு சீசனுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்படுகின்றன. இறைச்சி வீட்டு ஃப்ரீசருக்குப் போகிறது. பல குடும்பங்களுக்குக் குளிர்காலம் முழுக்க ஓடும் கறி அது.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. ஆணையம் மாநிலத்தின் பொது வரிப் பணத்தில் நடப்பதில்லை. லைசென்ஸ் கட்டணம், ஆணைய நிலங்களில் கிடைக்கும் மரம் மற்றும் இயற்கை எரிவாயு வருமானம், துப்பாக்கி, தோட்டா மீது 1937-ம் ஆண்டு கூட்டரசுச் சட்டப்படி வசூலிக்கப்படும் வரியில் ஒரு பங்கு. இவற்றில்தான் காலம் தள்ளுகிறது. 1980-களின் தொடக்கத்தில் சுமார் 13 லட்சம் பேர் லைசென்ஸ் எடுத்தார்கள். 2018-19-ல் அது 8.5 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. பெரியவருக்கான லைசென்ஸ் சுமார் 21 டாலர். அந்தக் கட்டணத்தைக் கடைசியாக உயர்த்தியது 1999-ல். ஆக, ஆள் குறைந்தால் ஆணையத்துக்கும் அடி. ஏன் குறைகிறார்கள் என்று கேட்டால் வயது, நகரத்துக்குக் குடிபெயர்வது, ஆர்வக் குறைவு எனப் பல பதில்கள் வரும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் பதில் ஒன்றுதான்: நேரமில்லை.

திங்கட்கிழமைக்கு இருந்த மவுசு

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. 1963 தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் பென்சில்வேனியாவில் ரைஃபிள் மான் சீசனின் முதல் நாள். நம்மூரில் பொங்கலுக்கு ஊருக்குப் போவது மாதிரி அது ஒரு பயணம். வியாழன் வீட்டில் விருந்து. வெள்ளி அல்லது சனிக்கிழமை வடக்கே காட்டை நோக்கிக் கிளம்புவார்கள். 'கேம்ப்' என்று சொல்லப்படும் சின்ன மர வீடுகள் அங்கே இருக்கும். அப்பா, தாத்தா காலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப்போட்டவை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விறகு பிளப்பது, துப்பாக்கியைச் சரிபார்ப்பது, சீட்டாட்டம், பழைய கதை. திங்கள் விடிவதற்கு முன்னால் காட்டுக்குள்.

அந்தத் திங்கட்கிழமை கிராமப்புறப் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள். விடாவிட்டாலும் வகுப்பில் ஆள் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். சில தொழிற்சாலைகளும் மூடிவிடும். வடக்கே உள்ள சிறு ஊர்களின் சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் பங்க், மளிகைக் கடைக்காரர்களுக்கு அந்த வாரக் கடைசிதான் தீபாவளி வியாபாரம்.

முதல் நாள் ஏன் இவ்வளவு முக்கியம்? ரைஃபிள் சீசனில் வேட்டையாடப்படும் கொம்புள்ள மான்களில் பெரும்பங்கு தொடக்க நாளிலேயே விழுந்துவிடும். அதற்குப் பிறகு மான்கள் உஷாராகிவிடும், அடர்ந்த புதருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே, முதல் நாளைத் தவறவிட்டவர் மீதிச் சோற்றுக்குப் போனவர் மாதிரிதான்.

எல்லாத் தொழிற்சாலையும் ஒரே ஷிஃப்டில் ஓடி, முதலாளியும் வேட்டைக்காரராக இருந்த காலத்தில் திங்கட்கிழமை யாருக்கும் உறுத்தவில்லை. கிடங்கு, மருத்துவமனை, கடை, கால் சென்டர் என வேலைகள் மாறின. லீவு கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளர்கள் வந்தார்கள். வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஞாயிறு இரவே ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பாரம்பரியம் என்று சொல்லப்பட்ட நாள், லீவு போட முடிந்தவர்களின் நாளாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமைக்கு மாற்றியபோது என்ன நடந்தது?

2019 தொடக்கத்தில் ஆணையம் ஒரு யோசனையை முன்வைத்தது. சீசனைத் திங்களுக்குப் பதிலாக, இரண்டு நாள் முன்னதாக, தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமையே தொடங்கலாம். வேலைக்குப் போகிறவர்களும் மாணவர்களும் முதல் நாளில் கலந்துகொள்ள முடியும் என்பது வாதம்.

எதிர்ப்பு கிளம்பியது. வந்த குரல்களில் பெரும்பாலானவை பழைய வேட்டைக்காரர்களுடையவை. கேம்ப்புக்குப் போய் ஆற அமர இரண்டு நாள் இருப்பதே போய்விடும் என்றார்கள். வியாழன் விருந்தில் பாதியில் எழுந்து ஓட வேண்டும், அல்லது வெள்ளிக்கிழமை பிளாக் ஃப்ரைடே நெரிசலில் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். வடக்கே உள்ள சிறு ஊர்களின் கடைக்காரர்கள் தங்கள் கல்லாவைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். சனி, ஞாயிறு வந்து தங்கிச் செலவழித்தவர்கள் இனி வெள்ளி இரவு வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற கவலை அது. இந்தக் கவலையைச் சும்மா ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்தை நம்பி நடக்கும் ஊர்கள் அவை.

2019 ஏப்ரலில் ஆணையத்தின் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 5-க்கு 3 என்ற கணக்கில் சனிக்கிழமை ஜெயித்தது. அந்த ஆண்டு நவம்பர் 30, சனிக்கிழமை சீசன் தொடங்கியது. கிடங்குத் தொழிலாளிக்கு இரண்டு நாள் மூன்றானது.

ஆனால் ஒரு விநோதம். சனிக்கிழமை சீசன் தொடங்கியது, ஞாயிற்றுக்கிழமை மூடியது, திங்கட்கிழமை மறுபடி திறந்தது. நீண்ட தூரம் காரோட்டி வந்தவர் ஞாயிறு முழுக்க கேம்ப்பில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும். அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது. ஞாயிறு ஏன் கூடாது?

ஞாயிறுக்குப் பூட்டு போட்டது யார்?

இதற்குப் பதில் தேட 1682-க்குப் போக வேண்டும். வில்லியம் பென் இந்தக் குடியேற்றத்தை நிறுவியபோது போடப்பட்ட சட்டத்திலேயே ஞாயிறு ஓய்வு நாளாக அறிவிக்கப்பட்டது. அந்த வழியில் வந்தவற்றை 'புளூ லா' என்பார்கள். கிறிஸ்தவ ஓய்வு நாளில் வேலை, வியாபாரம், கேளிக்கை எதுவும் கூடாது என்கிற சட்டங்கள். ஞாயிறு வேட்டைக்கான தடை 1873-லிருந்து இருந்தது.

மற்ற பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு விளையாட்டுப் போட்டி நடத்தக்கூடாது என்ற தடை 1933-ல் தளர்ந்தது. ஃபிலடெல்பியா ஈகிள்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற இரண்டு பிரபல கால்பந்து அணிகளும் அதே ஆண்டில் பிறந்தது தற்செயல் அல்ல. ஞாயிறு மீன்பிடிக்கவும் 1930-களிலேயே அனுமதி வந்துவிட்டது. மிஞ்சி நின்றவற்றில் முக்கியமானவை இரண்டு: ஞாயிறு கார் விற்பனை, ஞாயிறு வேட்டை. கார் ஷோரூம்கள் இன்றும் ஞாயிறு விற்பனை செய்ய முடியாது.

வேட்டைத் தடையிலும் ஓட்டை இருந்தது. நரி, கொயோட்டி, காகம் ஆகியவற்றை ஞாயிறன்றும் சுடலாம். அதாவது துப்பாக்கிச் சத்தம் தடை இல்லை, காட்டுக்குள் போவது தடை இல்லை, மானைச் சுடுவதுதான் தடை. ஓய்வு நாளின் புனிதம் நரிக்கு ஏன் பொருந்தாது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சனிக்கிழமையைத் தங்கள் ஓய்வு நாளாகக் கடைப்பிடிக்கும் யூதர்களுக்கும் செவன்த் டே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கும் பழைய சட்டம் வார இறுதி முழுவதையும் பறித்துவிட்டது. சனி அவர்கள் மதம் தடுத்தது, ஞாயிறு மற்றவர்களின் மதம் தடுத்தது.

2019 நவம்பர் இறுதியில் அப்போதைய ஆளுநர் டாம் உல்ஃப் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். (நம்மூர் ஆளுநர் மாதிரி டெல்லியிலிருந்து அனுப்பப்படுபவர் அல்ல. அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர், நம் முதல்வர் மாதிரி.) குடியரசுக் கட்சி செனட்டர் டான் லாஃப்லின் கொண்டுவந்த அந்தச் சட்டம் ஆண்டுக்கு மூன்று ஞாயிறுகளை மட்டும் திறந்தது. வில் அம்பு சீசனில் ஒன்று, ரைஃபிள் மான் சீசனில் ஒன்று, மூன்றாவதை ஆணையம் தேர்ந்தெடுக்கலாம். 2020-ல் முதல்முறையாக நவம்பர் 15, 22, 29 ஆகிய ஞாயிறுகளில் வேட்டை நடந்தது. ரைஃபிள் சீசனில் நம் தொழிலாளிக்கு மூன்று நாள் நான்கானது.

முழுப் பூட்டும் உடைந்தது 2025-ல். ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மேண்டி ஸ்டீல் கொண்டுவந்த மசோதாவில் ஆளுநர் ஜோஷ் ஷப்பிரோ ஜூலை மாதம் கையெழுத்திட்டார். எந்தெந்த ஞாயிறு வேட்டை நடக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஆணையத்தின் கைக்கு வந்தது. ஆணையம் உடனே செப்டம்பர் 14 முதல் டிசம்பர் 7 வரையிலான 13 ஞாயிறுகளையும் திறந்தது. வலசை வரும் பறவைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி முடித்துவைத்தது இன்றைய அமெரிக்காவில் அபூர்வமான காட்சி.

நவம்பர் 29 முதல் டிசம்பர் 13 வரை ஓடிய 2025 ரைஃபிள் சீசனில் மூன்று சனி, இரண்டு ஞாயிறு. மொத்தம் ஐந்து நாள். தொடக்கத்தில் சொன்ன கணக்கு இங்கேதான் வந்து சேர்கிறது.

அப்போ எல்லோருக்கும் சந்தோஷமா?

இல்லை. காடு வேட்டைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லையே. மலையேறுபவர்கள், குதிரை சவாரி செய்பவர்கள், பறவை பார்ப்பவர்கள், குழந்தைகளோடு நடக்கப் போகிறவர்கள் எனப் பலர் இலையுதிர் காலத்து ஞாயிறுகளை நம்பியிருந்தார்கள். ஆண்டில் காடு மிக அழகாக இருக்கும் வாரங்களும், வேட்டை மும்முரமாக நடக்கும் வாரங்களும் ஒன்றுதான். துப்பாக்கிச் சத்தம் பற்றிய பயமில்லாமல் காட்டுக்குப் போக வாரத்தில் ஒரு நாளாவது விடுங்கள் என்பது அவர்கள் கேட்டது. கீஸ்டோன் டிரெயில்ஸ் அசோசியேஷன் என்ற நடைபாதை ஆர்வலர் அமைப்பு நீண்ட காலம் ஞாயிறு வேட்டையை எதிர்த்து வந்தது.

அவர்களுக்கும் வார நாட்களில் வேலை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வேலைக்குப் போகும் வேட்டைக்காரருக்கு ஞாயிறு எவ்வளவு அரிதோ, வேலைக்குப் போகும் மலையேறுபவருக்கும் அவ்வளவே அரிது. 'நியாயமான வாய்ப்பு' என்று ஒரு தரப்பு சொல்லும் அதே சொல் இன்னொரு தரப்புக்கும் பொருந்துகிறது.

அரசு இதற்கு ஒரு பாதி வழி கண்டது. மாநில வனங்களில் 13 ஞாயிறுகளிலும் வேட்டைக்கு அனுமதி. கூட்டம் அதிகம் வரும் மாநிலப் பூங்காக்களில் நவம்பர் 16, 23, 30 ஆகிய மூன்று ஞாயிறுகள் மட்டும். மீதி ஞாயிறுகள் நடப்பவர்களுக்கு. வேட்டைக்காரர்கள் ரைஃபிள் மான் சீசனில் குறைந்தது 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு உடை அணிய வேண்டும் என்பது பழைய விதி. இப்போது நடக்கப் போகிறவர்களும் ஆரஞ்சு தொப்பியோ சட்டையோ போட்டுக்கொள்வது நல்லது என்கிற அறிவுரை ஞாயிறுக்கும் பொருந்தும்.

விவசாயிகளின் நிலை இன்னும் சிக்கலானது. பென்சில்வேனியா விவசாயிகளின் பெரிய அமைப்பான ஃபார்ம் பீரோ பல ஆண்டுகள் ஞாயிறு வேட்டைக்கு முட்டுக்கட்டையாக இருந்தது. ஆறு நாளும் யார் யாரோ வேலி தாண்டி வந்து கேட்கிறார்கள், சிலர் கேட்காமலே வருகிறார்கள். ஏழாவது நாளாவது நிம்மதியாக இருக்க வேண்டாமா? நியாயமான கேள்விதான். ஆனால் சோளத்தையும் சோயாவையும் மேய்ந்துவிட்டுப் போகும் மான்களால் நஷ்டப்படுவதும் அதே விவசாயிதான். மான் குறைய வேண்டும், ஆனால் அத்துமீறி வரும் ஆள் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

சட்டம் நகர்ந்தது இந்த இடத்தில்தான். வேட்டைக்காரர் அத்துமீறி நுழைந்தால், அதற்காக மட்டுமே வேட்டைக் காவலர்கள் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2019 சட்டம் சொன்னது. அதற்கு முன்பு வேறு ஏதாவது குற்றமும் சேர்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தனியார் நிலத்தில் வேட்டையாட, நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 2025-லும் அது தொடர்கிறது. 2020 முதல் இன்னொரு வசதி: 'உள்ளே வராதே' போர்டு மாட்டுவதற்குப் பதிலாக மரத்தில் ஊதா பெயின்ட்டால் கோடு போட்டால் போதும். போர்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு 'நான் எதையும் பார்க்கவில்லையே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இப்படிப் படிப்படியாக வந்த பாதுகாப்புகளுக்குப் பிறகு ஃபார்ம் பீரோ தன் பழைய எதிர்ப்பைக் கைவிட்டது.

ரோஸ் கலர் கவர்

நாள் கிடைத்தால் மட்டும் போதுமா? அனுமதிச் சீட்டும் கிடைக்க வேண்டும். பென்சில்வேனியாவில் பொது லைசென்ஸ் எடுத்தால் கொம்புள்ள ஆண் மான் ஒன்றைச் சுடலாம். கொம்பில்லாத மானுக்கு, அதாவது பெரும்பாலும் பெண் மானுக்கு, தனி லைசென்ஸ் வேண்டும். மான் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெண் மான்களை வைத்துத்தான் என்பதால், மாநிலத்தை வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்று ஆணையம் எண்ணிக்கை நிர்ணயிக்கிறது. சமீப ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் இந்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனாலும் கிராக்கி அதிகமுள்ள வட்டாரங்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

2022 வரை இதை வாங்கிய விதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். விண்ணப்பத்தை நிரப்பி, செக் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, அதற்கென்றே உள்ள ரோஸ் கலர் கவரில் போட்டு கவுண்டி பொருளாளர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மளிகை சாமான் வரைக்கும் போனில் ஆர்டர் செய்யும் நாட்டில், மான் லைசென்ஸுக்கு மட்டும் தபால்பெட்டி. எந்த அலுவலகத்துக்கு அனுப்பினால் சீக்கிரம் பிரிப்பார்கள், எந்தத் தபால் நிலையத்தில் போட்டால் காலையில் போய்ச் சேரும் என்று அனுபவஸ்தர்கள் ரகசியம் வைத்திருந்தார்கள். புதிதாக வருபவருக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள்?

சட்டம் மாறி, 2023-ல் விற்பனை ஆன்லைனுக்கும் கடைகளுக்கும் வந்தது. ஜூன் 26, திங்கட்கிழமை காலை விற்பனை திறந்ததும் ஒரே நேரத்தில் எல்லோரும் மொய்த்தார்கள். ஆன்லைனில் மணிக்கணக்கில் காத்திருப்பு, கடை வாசலில் வரிசை. தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. தபால் முறை அனுபவஸ்தர்களுக்குச் சாதகமாக இருந்தது என்றால், புதிய முறை திங்கட்கிழமை காலை வேலையில் இல்லாதவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. மறுபடியும் அதே திங்கட்கிழமை!

2024-ல் அதைத் திருத்தினார்கள். முதல் சுற்றில் சுமார் இரண்டு வாரத்துக்குள் எப்போது கேட்டாலும், பெரும்பாலான வட்டாரங்களில் மாநிலத்துக்காரர் ஒருவருக்கு ஒரு லைசென்ஸ் உறுதி. முதல் நிமிடத்தில் போனாலும் ஒன்றுதான், பத்தாவது நாள் இரவு போனாலும் ஒன்றுதான். வரிசை சட்டென்று கரைந்தது. இந்த மொத்தக் கதையிலும் யாருக்கும் நஷ்டமில்லாமல் நியாயம் செய்த மாற்றம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஞாயிறு விஷயத்தில் ஒருவருக்குக் கொடுக்க இன்னொருவரிடமிருந்து எடுக்க வேண்டியிருந்தது. இங்கே வெறும் நேரக்கெடுவை நீட்டியதே போதுமானதாக இருந்தது.

நாள் இருக்கு, நிலம்?

மூன்றாவது தடை நிலம். ஆணையத்துக்குச் சொந்தமான 'கேம் லேண்ட்ஸ்' சுமார் 15 லட்சம் ஏக்கர். லைசென்ஸ் உள்ள யாரும் அங்கே போகலாம். அது தவிர மாநில வனங்கள் இருக்கின்றன. ஆனால் மாநிலத்தின் நிலத்தில் பெரும்பகுதி தனியார் கையில். மான்கள் கொழுத்துத் திரிவதும் பெரும்பாலும் பண்ணைகளும் புறநகர் வீடுகளும் கலந்த தெற்குப் பகுதிகளில்தான். தாத்தா காலத்துக் கேம்ப் உள்ளவருக்கு நிலம் ஒரு பிரச்னையே இல்லை. பிட்ஸ்பர்க்கில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அதுதான் முதல் பிரச்னை. தங்கள் நிலத்தை வேட்டைக்குத் திறந்துவிடும் உரிமையாளர்களை ஒரு திட்டத்தில் சேர்த்து ஆணையம் சில உதவிகள் செய்கிறது. அந்தக் கதவும் உரிமையாளரின் மனசைப் பொறுத்தது. யாராவது ஒருவர் குப்பையைப் போட்டுவிட்டுப் போனால், அடுத்த ஆண்டு மரங்களில் ஊதா பெயின்ட் தெரியும்.

இந்த விவாதம் பென்சில்வேனியாவோடு நிற்கவும் இல்லை. வர்ஜீனியா 2014-ல் தனியார் நிலங்களிலும், 2022-ல் பொது நிலங்களிலும் ஞாயிறு வேட்டைக்குக் கதவைத் திறந்தது. முழுத் தடை மிஞ்சியிருப்பது மெயின், மாசசூசெட்ஸ் ஆகிய இரண்டு மாநிலங்களில். மெயின் மாநிலத்தில் ஒரு தம்பதி சுவாரஸ்யமான வழக்கு ஒன்றைப் போட்டார்கள். 2021-ல் அந்த மாநில மக்கள் ஓட்டுப் போட்டு 'உணவுக்கான உரிமை'யை அரசியல் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். உணவைத் தேடிக்கொள்ள உரிமை இருக்கும்போது ஞாயிறு வேட்டையை எப்படித் தடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். 2024 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அங்கே பெரும்பாலான காடு தனியார் நிலம், உரிமையாளர்கள் பெருந்தன்மையாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். ஞாயிறையும் கேட்டால் மொத்தமாக மூடிவிடுவார்களோ என்ற பயம் அங்குள்ள வேட்டைக்காரர்கள் பலருக்கே இருக்கிறது.

பென்சில்வேனியாவில் அடுத்தடுத்த சீசன்களின் தேதிகளும் பழைய வழியில்தான் முடிவாகும். ஜனவரியில் ஆணையம் கூடி உத்தேச அட்டவணைக்கு முதற்கட்ட ஒப்புதல் கொடுக்கும். மக்கள் கருத்துச் சொல்லலாம், நேரில் வந்து பேசலாம். ஏப்ரலில் இறுதி வாக்கெடுப்பு. திங்கட்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சீசன் சனிக்கிழமைக்கு மாறி இத்தனை ஆண்டுகள் ஆகியும், கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றில் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கள் இன்றும் லீவுதான்.